தொய்ந்த நூல்

புரட்டாசி, வியாழன் இரவு.

நடு அறைக்கும் சமையலறைக்கும் இடையே உள்ள சுவரை எடுத்துவிட மகன் குமார் முடிவு செய்துவிட்டான். இன்று கொத்தனார் மேல் வரிசைச் செங்கல்லைப் பிரித்துவிட்டுப் போனார். கூரையைத் தாங்கும் உத்திரம் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கிறதோ என்று எனக்குப் பயம். இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டவன் நான்; 'உத்திரம்' என்று இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன். அழகாக வந்திருக்கிறது. இந்தப் பயத்திலும் அதில் ஒரு சந்தோஷம்.

காலையில் உத்திரத்திலிருந்து தரைக்கு ஒரு பட்டு நூலை இழுத்துக் கட்டினேன். தறியில் பாவு நூல் நிற்பதுபோல் விறைப்பாக நின்றது. சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் தொய்ந்திருக்கிறது.

"உத்திரம் எறங்கிக்கினு இருக்குதுடா," என்றேன்.

குமார் சிரித்தான். "மழ பெஞ்சுதுல்ல, அதான்ப்பா. ஈரத்துல பட்டு தொய்யும்னு தறி நெய்யற உனக்கே நான் சொல்லணுமா?"

அவன் சொல்வதும் உண்மைதான். ஆனால் எதனால் தொய்ந்தது என்று நூல் சொல்லாதே.

அவனும் மருமகளும் பேத்தியும் அந்த நடு அறையில்தான் படுப்பார்கள். விளக்கை அணைத்த பிறகு போய், தூங்கும் பேத்தியைத் தூக்கிவந்து முன்னறையில் என் பாயில் கிடத்தினேன். குமார் விழித்துப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் மருமகளையும் எழுப்பிக்கொண்டு, தலையணையோடு வந்தான்.

"அங்க கொசு ஜாஸ்தியா இருக்குதுப்பா," என்றான்.