கம்பியை நறுக்குகிறவள்

மார்ச் 3

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஆனாலும் எழுதித்தான் தீர வேண்டும். வாயால் சொன்னால் வீடு ரெண்டாகிவிடும்.

தம்பி பெண்டாட்டி இன்றைக்கும் முன்னறையை விட்டு அசையவில்லை. வீட்டில் வெளிச்சம் வருகிற அறை அது ஒன்றுதான். என் தையல் மிஷின் சமையலறை வாசலில் கிடக்கிறது. ஊசியில் நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி எனக்குக் கிழவி முகம் வந்துவிட்டது. அவளுடைய கம்ப்யூட்டர் மட்டும் அங்கே மகாராணி மாதிரி, தனி மின்விசிறியோடு.

என்ன பெரிய வேலை? படகுகளுக்கு ஆன்டெனா செய்கிற கம்பெனிக்கு, கம்பியை எப்படி வளைத்தால் பேச்சு தூரமாகப் போய்ச் சேரும் என்று கணக்குப் போடுகிறாளாம். கையில் கம்பி இருக்கிறதா? இல்லை. எல்லாம் கம்ப்யூட்டருக்குள். இல்லாத கம்பிக்கு என் அறை! அவளுக்குக் 'கம்பி' என்றே பேர் வைத்துவிட்டேன்.

மார்ச் 5

தம்பி பஞ்சாயத்துப் பண்ணினான். "மாசக் கடைசிக்குள்ள கணக்கு முடிஞ்சா கம்பெனி இவளுக்கு வேலை கொடுக்கும். முடியலேன்னா ரூம் அக்காவுக்கு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இருங்க."

அவள் தலையாட்டினாள். நானும் சிரித்த முகமாக ஆட்டினேன். முடியவே கூடாது. வேறு வேண்டுதல் எனக்கு இல்லை.

மார்ச் 9

சும்மா இருக்க முடியாமல் வாசற்படியில் நின்று கேட்டேன்: "ஒரு கம்பிக்கு எத்தனை நாள்மா கணக்கு?"

"கம்பியத் துண்டு துண்டா நறுக்கணும் அண்ணி. ஒரு துண்டுல ஓடற கரண்ட்டு மத்த எல்லாத் துண்டையும் பாதிக்கும். எல்லாத்தையும் சேர்த்துத்தான் விடை கண்டுபிடிக்கணும். துண்ட ரெட்டிப்பாக்கினா வேலை எட்டு மடங்காகும்."

"அட, நம்ம வீடு மாதிரி! ஒருத்தி மூஞ்சியத் தூக்கினா எல்லாருக்கும் சோறு இறங்காது."

அவள் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினாள். என் அப்பா போட்ட கதவு!

மார்ச் 14

இன்று வயிறு குளிர்ந்தது. கம்பெனி இன்ஜினியர் போனில் கத்தியது கூடத்துக்கே கேட்டது. ரொம்பத் துல்லியமாக வர வேண்டும் என்று அவள் கம்பியைப் பொடிப்பொடியாக நறுக்கிவிட்டாளாம். துண்டின் நீளம் கம்பியின் தடிமனை விடக் குறைந்துவிட்டதாம். அப்படி நறுக்கினால் கணக்குக்குப் பைத்தியம் பிடித்துவிடுமாம். "உள்ள குடுக்கறத விட வெளிய அதிகமா வருதுன்னு அனுப்பியிருக்கீங்களே, இது என்ன ஆன்டெனாவா, அட்சய பாத்திரமா?" என்றார் அவர். ஆஹா, நம்ம ஆள்!

சாப்பிடும்போது அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டேன். "சாப்பிடும்மா, நறுக்கி நறுக்கிக் கை வலிச்சிருக்கும்."

தட்டோடு எழுந்து போனாள். தம்பி என்னை முறைத்தான். முறைக்கட்டுமே.

மார்ச் 15

கணக்கை முதலிலிருந்து ஓட விட்டிருக்கிறாள். நாலைந்து நாள் ஓடுமாம். அறை அடுப்பு மாதிரிக் கொதிக்கிறது.

மார்ச் 19

நாளைக்கு முடிந்துவிடும் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 20

இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். கம்ப்யூட்டர் ஓடும்போது செருகினால் ஃபியூஸ் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செருகினேன். போச்சு. வீடே கப்சிப். தைத்த சட்டையைத் தேய்க்காமல் கொடுக்க முடியுமா? — இது தம்பிக்குச் சொன்ன பதில்.

"அஞ்சு நாள் ஓட்டம் அக்கா!" என்றான். அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், துணிக்கு அளவு எடுக்கிற மாதிரி.

மார்ச் 22

நேராக என் மிஷினுக்கு வந்தாள். தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கழுத்தைத் தொட்டாள்.

"வளைவுல மட்டும் தையல் நெருக்கமா இருக்கே?"

"பின்னே? நேரா போற இடத்துல எவ நெருக்கித் தைப்பா? நூலுக்குப் பிடிச்ச கேடா?"

"எனக்கும் அதேதான். கம்பி வளையற இடம், கரண்ட்டு நுழையற இடம், அங்க மட்டும் சின்னத் துண்டு போதும். இது புஸ்தகத்துலயே இருக்கு, படிச்சும் இருக்கேன். நேரம் இருக்கேன்னு சோம்பேறித்தனமா எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நறுக்கிட்டேன். கம்பியோட வலது பாதியும் இடது பாதியும் கண்ணாடியில பார்த்த மாதிரி ஒண்ணு. பாதியப் போட்டா முழுசுக்கும் விடை வந்துடும்." பிறகு தலையை நிமிர்த்தினாள். "உங்களால நேரம் போச்சு. அதனால இப்ப ஒழுங்கா செய்யப்போறேன். சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

திமிரு! உடம்பெல்லாம் திமிரு!

மார்ச் 24

முடித்துவிட்டாள். நான் போட்ட டீ ஆறுவதற்குள் கணக்கு ஓடி முடிந்துவிட்டதாம். கம்பெனிக்காரர்கள் நிஜக் கம்பியை வளைத்து அளந்து பார்த்து, ஒத்துப்போகிறது என்றும் சொல்லிவிட்டார்கள். டீயை நானே குடித்தேன். ஆறித்தான் இருந்தது.

மார்ச் 28

வேலை கிடைத்துவிட்டது. ஆன்டெனாவை விட, கணக்கு அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்தான் அந்த இன்ஜினியருக்குச் சந்தோஷமாம். ஆனால் வேலை இங்கே இல்லை. கம்பெனி இருக்கிற ஊருக்கே போக வேண்டும். தம்பியும் போகிறான். லாரி ஓட்டுகிறவனுக்கு எந்த ரோடானால் என்ன?

"ரூம் உனக்குத்தான்கா," என்றான், பரிசு கொடுக்கிற மாதிரி.

ஏப்ரல் 4

போய்விட்டார்கள். வண்டியில் ஏறும்போது அவள் சொன்னாள்: "இனிமே இஷ்டத்துக்கு இஸ்திரி போடுங்க அண்ணி."

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று சொல்ல வாயெடுத்தேன். "கதவை மெதுவா சாத்து, வண்டி வாடகை வண்டி" என்றேன்.

ஏப்ரல் 5

மிஷினை முன்னறைக்கு இழுத்தாயிற்று. ஊசிக் காது தெளிவாகத் தெரிகிறது. ஜெயித்தது நான்தான்.

ஏப்ரல் 12

டீச்சரம்மாவின் சட்டைக்கு ஒரு கையை வெட்டி, அதையே வைத்து மறு கையையும் வெட்டினேன். துணியைத் திருப்பிப் போட மறந்திருக்கிறேன். தைத்து முடித்து உதறிப் பார்த்தால் ரெண்டும் இடது கை. இத்தனை வருஷத்தில் இப்படிப் பண்ணினதே இல்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டையைத் தூக்கிப் பிடித்து, "ஏய் கம்பி, இங்க வந்து இந்தக் கூத்தப் பாரு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன்.