அம்மாவின் சாட்சி

நவம்பர் 4, செவ்வாய்
மொராக்கோவின் மெக்னெஸில் இருபத்தாறு வருடம் வரலாறு நடத்தியவனுக்கு இன்று பாடம் எடுத்தது நெஸ்ஹா. என்னிடம் தொழில் கற்றவள். எனக்கு வரவேண்டிய பயிற்றுநர் பதவியில் இப்போது அவள். யூத வெறுப்பை வகுப்பில் கண்டுகொள்வது எப்படி, எதிர்கொள்வது எப்படி – இரண்டு வாரப் பயிற்சி. 

பலகையில் ‘ஹாஷாக்’ என்று எழுதினாள். கழுதை, செருப்பு, கக்கூஸ் என்று சொல்ல நேர்ந்தால், கேட்பவர்மேல் அந்த அசிங்கம் ஒட்டாமலிருக்க நாம் சேர்க்கும் சொல். “வேற எதுக்குச் சொல்றோம்?” என்று கேட்டாள். “யூதன்னு சொன்னாலும் சொல்றோம்” என்றாள் அவளே.

எழுந்தேன். “எங்க வீட்ல அந்தப் பழக்கம் கிடையாது. அவமானப்படுத்தவா கூப்பிட்டீங்க?”

பின்வரிசையிலிருந்து சக ஆசிரியன் லஹ்சென்: “உக்காருங்க உஸ்தாத், டீ ஆறுது.”

நவம்பர் 5
கல்வி அலுவலகத்துக்குப் புகார் எழுதியாயிற்று. ஆசிரியர்களை இழிவுபடுத்துகிறாள் என்று. பதினோரு பேர் கையெழுத்து. இது போய்ச் சேர்ந்தால் அவள் பதவி நிற்காது. நிற்க வேண்டாம்.

நவம்பர் 6, விடுமுறை
அம்மாவிடம் போய், பழைய பக்கத்து வீட்டு யூதப் பெண் ஃப்ரீஹாவைப் பற்றிப் பேசவைத்து, போனில் பதிவு செய்தேன். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வீடு வந்து பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குக் கண் கலங்கியது.

நவம்பர் 7, வெள்ளி
பயிற்சியில் அம்மாவின் பதிவை எல்லார் முன்னும் போட்டேன்.

“ஃப்ரீஹா எனக்குக் கூடப்பொறக்காத அக்காடா, ஜவாத். நீ பொறந்தப்ப எனக்குப் பால் சுரக்கல. அவதான் தன் புள்ளையோட சேத்து உனக்கும் குடுத்தா. யூதச்சிதான், ஹாஷாக், ஆனா தங்கம்.”

வென்றுவிட்டவனாய் நெஸ்ஹாவைப் பார்த்தேன். லஹ்சென்கூடச் சிரிக்கவில்லை.

“இன்னொரு தடவ போடுங்க, உஸ்தாத்” என்றாள் அவள்.

போட்டேன். அப்போதும் எனக்குக் கேட்கவில்லை. மூன்றாம் முறைதான் அந்தச் சொல் –

நேத்து எத்தன தடவ கேட்டேன்? ஏழு? எட்டு? காது எங்க போச்சு எனக்கு?

நவம்பர் 8
புகார் இன்னும் மேசைமேலேயே இருக்கிறது.

நவம்பர் 11
லஹ்சென் போன் செய்தான். “புகார் போச்சா?”

“இல்ல. தாள் தேவைப்பட்டுச்சு.”

அதன் பின்பக்கத்தில்தான் நாளைய மாதிரிப் பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நெஸ்ஹா கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பாள். அவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

முதல் வரி: எனக்குப் பால் கொடுத்தவர் பெயர் ஃப்ரீஹா. இரண்டாவது: அவர் யூதர்.

வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வரி முடிந்த இடத்தில், அந்தச் சொல்லைச் சேர்க்காமல் நாக்கு நிற்க மறுக்கிறது. மறுபடி சொல்கிறேன்.