தெரேசியா கேட்ட புபுசி

அன்பு மகள் தெபோராவுக்கு அப்பாவின் மௌரி வாழ்த்து. நானும் அம்மாவும் இங்கே தீவில் சுகம், நீ பிரிஸ்பேன் குளிரில் இருமாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். கோலா மீன் இந்த மாதம் குறைவு, சீமைப்பலா மட்டும் கொட்டிக் கிடக்கிறது, அம்மாவுக்கு முட்டிவலி பழையபடி. உன் அண்ணன் யோவானேயின் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, முதலில் கடித்தது என் விரலைத்தான்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கூரையில் சூரியத் தகடு போட்டுப் பேட்டரியும் வைத்தார்களே, அதில் முதல் பேட்டரியைக் கேட்டு வாங்கியவன் நான்தான். ராத்திரி மீன் பிடிக்கும் விளக்குக்கு வேண்டும் என்று நர்ஸ் தெரேசியாவிடம் நம் வழக்கப்படி, மறுக்க முடியாத புபுசியாகக் கேட்டேன். புபுசி கேட்டவனிடம் இல்லை என்று சொல்லிவிட்டு மறுநாள் மனேயபா ஊர்க்கூடத்தில் எந்த முகத்தோடு உட்காருவது, அவளும் கழற்றிக் கொடுத்தாள். என்னைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து இன்னொருவன். இரண்டே மாதத்தில் குளிர்பெட்டி நின்றுபோய்த் தடுப்பூசி மருந்தெல்லாம் பாழ். அதனால்தான் இந்த வருஷத் தொடக்கத்தில் யோவானே கைக்குழந்தையோடு ஊசிக்காகப் பக்கத்துத் தீவுக்குப் போனான், படகு கவிழப் பார்த்தது. அன்றிலிருந்து அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது டீசலை விட்டுச் சூரிய மின்சாரத்துக்கு மாறச் சின்னத் தீவுகளுக்குப் பணம் கொடுக்கிறார்கள் இல்லையா, அந்த நிதியிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். மனேயபாவில் எல்லோர் முன்னாலும், போன தடவை குடுத்த பேட்டரியெல்லாம் எங்கே, மறுபடியும் இப்படி ஆகாதுன்னு யார் பொறுப்பு, பதில் இல்லேன்னா பணம் வேற தீவுக்குப் போயிடும் என்றாள். அப்போது தெரேசியா எழுந்தாள். இன்னிக்கு நான் உங்க எல்லார்கிட்டயும் புபுசி கேக்கறேன், ஆஸ்பத்திரிச் சாமான் மேல புபுசி கேக்கற உரிமையை எனக்குக் குடுத்துடுங்க, இனிமே யாரும் அதைக் கேக்கக் கூடாது, கைதாரா அண்ணே, மொதல்ல எடுத்தவரு நீங்கதானே, மொதல்ல நீங்களே குடுங்க என்றாள். கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியைக் காலி செய்த அதே வழக்கத்தை அவள் அதற்குப் பூட்டாக்கிவிட்டாள். யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? நான் கொடுத்தேன். ஒவ்வொரு குடும்பமாக எழுந்து கொடுத்தது. வந்த அம்மாள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள், பணமும் வந்தது, கப்பலில் தகடுகளும் பேட்டரிகளும் வந்து குளிர்பெட்டி மறுபடி ஓடுகிறது.

போன வாரம், அன்று வாங்கிய என் பேட்டரி செத்துப்போயிற்று. கால் தானாக ஆஸ்பத்திரிக்கு நடந்தது. தெரேசியா வாசலிலேயே நின்றுகொண்டு, கேளுங்க அண்ணே பாப்போம் என்று சிரித்தாள். குளிர்பெட்டியை ஒரு தடவை திறந்து காட்டு, அது போதும் என்றேன். குளிரெல்லாம் வெளிய போயிடும் என்று திட்டிக்கொண்டே மூன்று மூச்சு நேரம் திறந்தாள். முகத்தில் குளிர் பட்டது. உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டி மருந்துப் புட்டிகள், உங்க பேத்தியோட அடுத்த ஊசியும் இதுலதான் இருக்கு என்றாள். கண் கலங்கிவிட்டது மகளே. வீட்டில் வந்து சொன்னேன். அம்மா வெகுநாளுக்குப் பிறகு மீன் தலையை என் தட்டில் வைத்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு விடாதே. கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். மறக்காதே, என் மீன் விளக்குக்கு ஒரு பேட்டரி வேண்டும். கப்பலில் போட்டு அனுப்பாதே, நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. இதை நான் உன்னிடம் புபுசியாகக் கேட்கிறேன்.

உன் அப்பா,
கைதாரா