பிரதீப்புக்கு ஓட்டு கொடுக்கலாமா

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து அந்த நெடி வந்தது. கைப்பேசியும் உடனே அலறியது. நீ இருந்திருந்தால் முதல் வேலையாக என்னை அழைத்து, "வந்துச்சாடீ?" என்று கேட்டிருப்பாய்.

காற்று கெட்டால் தெருவுக்கே எச்சரிக்கை அனுப்பும் அந்த மென்பொருளை உன் திருவொற்றியூர் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினோம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தோம். ஆனால் எந்தத் திருத்தத்தை ஏற்பது என்று ஓட்டுப் போட்டவர்கள் நீ, நான், பெரம்பூர் செல்வம் மட்டும்தான்.

அப்புறம்தான் பிரதீப் வந்தான். நாம் மாதக்கணக்கில் தொடாத பிழைகளையெல்லாம் சரிசெய்தான். கோபமாக எழுதியவர்களுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். "இவனுக்கும் ஓட்டு கொடுத்துடலாம்" என்றான் செல்வம். நானும் தலையாட்டினேன்.

நீ மட்டும், "இவ்ளோ நல்லவனா ஒருத்தன் எதுக்குடீ கீறான்? இன்னா வேணுமாம் அவனுக்கு?" என்றாய்.

"உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்" என்று எரிந்து விழுந்தேன்.

"எந்த அளவுல அலாரம் அடிக்கணும்னு சொல்றதே அந்த ஓட்டுதான். அத்த கொஞ்சம் ஏத்தி வுட்டா யாருக்கு லாபம்னு யோசி."

அந்தப் பேச்சு முடிவதற்குள் டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நீ போன பிறகு, எச்சரிக்கை அளவை உயர்த்தச் சொல்லி ஒரு திருத்தம் வந்தது. அனுப்பியவன் பிரதீப். அடிக்கடி அலறினால் ஜனங்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்று காரணம் எழுதியிருந்தான். நீ கேட்டதுதான் ஞாபகம் வந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடைக்கு வரச் சொல்லி நேராகவே கேட்டேன்.

"எங்க வேலை செய்றீங்க?"

டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு எண்ணூரில் ஓர் ஆலையின் பெயரைச் சொன்னான். "சொன்னா சேத்துக்க மாட்டீங்கன்னுதான்க்கா சொல்லல. ஆனா எம்புள்ளயும் இந்தக் காத்தத்தான் இஸ்துகினு கீது."

உண்மையாக இருக்கலாம். ஆனாலும் திருத்தத்தை நிராகரித்தோம். கூடவே ஒரு விதி கொண்டுவந்தோம்: ஓட்டு வேண்டுமென்றால் எங்கே சம்பளம் வாங்குகிறோம் என்பதை எல்லாரும் பார்க்க எழுதி வைக்க வேண்டும்; அந்த இடத்தைத் தொடும் விஷயத்தில் ஓட்டுப் போடக் கூடாது.

இனி வரமாட்டான் என்று நினைத்தேன். அவன்தான் முதல் ஆளாக ஆலையின் பெயரை எழுதினான். அதன் கீழேயே, "அக்கா, நீங்க இன்னும் எழுதலையே?" என்று கேட்டிருந்தான்.

எனக்குச் சுருக்கென்றது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றும் லாரி கம்பெனியில்தான் நான் வேலை பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். ஊரையே சந்தேகப்பட்ட நீ, அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நம்பினாயா, இல்லை, பேசாமல் கவனித்துக்கொண்டே இருந்தாயா?

கம்பெனி பெயரை எழுதினேன். பிரதீப்புக்கு ஓட்டும் கொடுத்தோம். அவன் மேல் இருந்த சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இப்போது என் மேலும் கொஞ்சம் வந்திருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் ஓட்டுப் போடுகிறேன்.