அந்நியர் என்று எழுதப்பட்டவர்கள்

9 ஆகஸ்ட் 2015, ஞாயிறு

கண்டக்குழி விவிலிய வகுப்பில் இன்று பேதுரு சபைகளுக்கு எழுதிய திருமுகம் படித்தோம். அதில் வரும் ‘அந்நியர்’ வானகம் நோக்கிப் போகும் ஆன்மாக்கள் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் காணியும் உரிமையும் இல்லாமல் பிறர் ஊரில் வாழ்ந்த மனிதர்களும்தான் என்று விளக்கினேன்.

மீனவர் சங்கத் தலைவர் சவிரியான் முகம் சுளித்தார். “வேதத்துக்குள்ள சமூகவியல் எதுக்கு, சிஸ்டர்?”

யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஸ்டெல்லா எழுந்தாள். அவள் புருஷனின் வள்ளத்துக்குக் கரையில் இடம் மறுத்தது அந்தச் சங்கம்தான். “அப்ப, எங்களப் போல ஆக்களுக்கோ அத எழுதினது?”

“ஓம்” என்றேன்.

சவிரியான் அந்த வரியைத் தானே இருமுறை வாசித்தார். போகும்போது ஸ்டெல்லாவிடம், “புருஷன நாளைக்குச் சங்கக் கூட்டத்துக்கு வரச் சொல்லு, பிள்ள” என்றார்.

இடம் கொடுப்பார்களோ தெரியாது. ஆனால் இத்தனை வருஷமாக அவள் புருஷனை ஒருவரும் கூட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை.