சுதி ரெண்டு கம்மி

என் ஆசை அண்ணா,

மொதல்ல நல்ல சேதியைச் சொல்லிடறேன். புது கீபோர்டு வாங்கிட்டேன். உன் பழையது மழையில நனைஞ்சு போர்டே போயிடுச்சு. வெள்ளிமலையில ஒரு காதுகுத்துக்கு நம்ம பாட்டுக் குழுவைக் கூப்ட்டிருந்தாங்க. நீ கண்ணை மூடினப்பறம் குழுன்னா யாரு? நான் ஒருத்திதான். வாசிச்சிக்கினே பாடணும். முடியலன்னா பாட்டையே விட்டுடலாம்னு நெனச்சிக்கினுதான் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன்.

உன் கீபோர்டை ரிப்பேர் பண்ணித் தருவாரே, அந்த பாய் கடைக்குத்தான் போனேன். "இன்னாம்மா, எப்படிப்பட்டது வேணும்?"ன்னாரு. "வெல கம்மியா இருக்கணும் பாய், ஆனா கொழந்தைங்க பொம்மையாட்டம் இருக்கக் கூடாது"ன்னேன்.

மூணு எடுத்து வெச்சாரு. ஒண்ணுல மெதுவாத் தொட்டாலும் கத்துது, ஓங்கி அடிச்சாலும் அதே சத்தம். அதுல தாலாட்டு எப்படி வாசிக்கறது? இன்னொண்ணுல எண்ணி மாளாத டோனு. நாதஸ்வரம்னு போட்டா கொசு பாடுது! சுரத்தை வளைக்கிற சக்கரமும் இல்ல. மூணாவதுதான் விரலுக்கு ஏத்த மாதிரி பேசுச்சு. இடது கையில மூணு கட்டையைச் சேத்து கார்டு புடிச்சா தபேலா, பேஸ் எல்லாம் தானா வருது. பேட்டரி போட்டுக்கலாம், மலையில கரண்ட் போனாலும் நிக்காது. ஸ்பீக்கர்தான் சுமார்.

உக்காந்து வாசிச்சேன். நீ சொல்லிக்குடுத்த அதே கட்டைங்க, அதே பாட்டு. சரணத்துல மேல போகவே முடியலண்ணா. தொண்டை கீச்சுன்னுச்சு, கடையில எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. உன்னோட என் குரலும் போயிடுச்சான்னு அழுகையே வந்துடுச்சு.

பாய் ஒரு பட்டனை ரெண்டு தபா அழுத்தினாரு. "இப்ப பாடும்மா." பாடினேன். வழுக்கிக்கினு போச்சு! "சுதி ரெண்டு கம்மி. நீ பாடறப்ப அண்ணன் எப்பவும் இப்படித்தான் வெப்பாரு. உனக்குத் தெரியாதா?"ன்னாரு.

அடப்பாவி! பழையதுல சுதி எவ்ளோன்னு காட்டற டிஸ்பிளே செத்துக் கெடந்துச்சு, எனக்கு எப்படித் தெரியும்? மாத்தித் தரேன்னு பாய் சொன்னப்பவும் வேணாம்னியாமே. மைக்குல மட்டும் "என் தங்கச்சி சினிமாவுல வர்ற அதே ஒரிஜினல் சுதியில பாடறா"ன்னு பீத்திக்கினு இருந்த. நானும் அதை நம்பி எத்தினி பேருகிட்ட அலட்டியிருப்பேன்! கோவமான கோவம். ஆனா கச்சிராயபாளையம் வந்து எறங்கற வரைக்கும் பஸ்ல தனியா சிரிச்சிக்கினு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பயந்தே போயிடுச்சு.

அந்தப் பட்டன் மூணாவதுலதான் தனியா வெளியில இருக்குது. மத்ததுல உள்ள போய்த் தேடணும். அதனால மூணாவதையே வாங்கினேன். காசுக்கு ஏத்த பொருள்தான்.

காதுகுத்து அன்னிக்கு மொத பாட்டு முடிஞ்சதும் முன்வரிசையில ஒருத்தர், "ஒரிஜினல் சுதியாம்மா?"ன்னு கேட்டாரு. மைக்குலயே சொல்லிட்டேன், "இல்லீங்க, இது என் சுதி"ன்னு. இன்னா கைதட்டல்ன்ற! இருந்து கேட்டிருக்கக் கூடாதாண்ணா?

மன்னிச்சிக்கோ, உன் பொய்யை இனிமே என்னால காப்பாத்த முடியாது. பாட்டை மட்டும் விடமாட்டேன்.

உன் பொய்யில வளந்த தங்கச்சி,
செல்வி