நீலச் சாயம்

மார்ச் 4
காலையில் கொழுந்தியாள் வந்தாள். கையில் ஒரு கட்டு காகிதம். வனத்துறை வடக்குச் சரிவில் களைக்கொல்லி அடிக்கப் போகிறதாம். அங்கே நட்ட மரக்கன்றுகளுக்கு நடுவே முளைத்த புதரெல்லாம் ஒரே வாரத்தில் கருகிவிடுமாம். அந்தப் புதர்ப் பூவை நம்பித்தான் இவளுடைய இருபத்தாறு தேன்பெட்டியும் காட்டோரம் நிற்கின்றன.

"மாமா, ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எந்தச் சொத்தை எழுதி வாங்கப் போற, தேன்ராணி?"

"உங்ககிட்ட என்ன இருக்கு? அந்தப் பல்செட்டுதான்."

போட்டேன். அடுத்தது என்ன கேட்பாள் என்று தெரியும். கேட்டாள். "பதினெட்டாம் தேதி கூட்டம். நீங்களும் பேசணும். அந்தக் காலத்துல வனத்துறைக்கு மருந்து டேங்க்கை முதுகுல சுமந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

சரி என்றேன். வாய்தான் சொன்னது.

மார்ச் 9
தேன்ராணி வீட்டில் டீ. கையெழுத்து நூற்றுப்பத்து சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் அந்தப் பழைய கதையை எடுத்துவிட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில், ஒரு சாயங்காலம் அவள் அப்பாவின் தேனீக்கள் மேலெல்லாம் நீலப் பொட்டு. இதென்ன மாப்பிள்ளை என்று அவர் என்னைக் கேட்டார். "ஸ்கூலுக்குப் போயி மையைக் கொட்டிக்கிட்டு வந்திருக்கு மாமா" என்றேன். வீடே உருண்டு சிரித்தது. இன்று தையல்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். முப்பத்தெட்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 10
சாப்பாடு இறங்கவில்லை. பல்வலி என்று மருமகளிடம் சொன்னேன். பல்செட்டுக்கு ஏது வலி என்றாள்.

மார்ச் 18
கூட்டம் முடிந்தது. பள்ளிக்கூட ஹாலில் ஆளுக்கு மூன்று நிமிஷம், மேஜையில் ஒரு மணி. நான் எழுந்ததும் அதிகாரி, "பெரியவரே, உட்கார்ந்தே பேசலாம்" என்றார்.

"உட்கார்ந்தா தூக்கி விட உங்க ஆளுங்க நாலு பேர் வேணும் சார். அவங்க டீக்கடையில இருக்காங்க."

ஹால் சிரித்தது. அந்தச் சிரிப்பு காதில் விழுந்தால் எனக்கு வேறெதுவும் விழாது. "மருந்து தண்ணி மாதிரின்னீங்களே, ஒரு கிளாஸ் ஊத்தவா?" என்றேன். கைதட்டல். இன்னொன்று. இன்னொன்று. மணி அடித்துவிட்டது.

சொல்ல வேண்டியதைச் சொல்லவே இல்லை. மணி அடித்தபோது எனக்கு — எழுதக் கூசுகிறது — அப்பாடா என்றிருந்தது.

வெளியே தேன்ராணி, "நல்லா சிரிக்க வெச்சீங்க மாமா" என்றாள். திட்டியிருக்கலாம்.

எழுத்தில் கொடுக்க இன்னும் ஐந்து நாள் இருக்கிறதாம்.

மார்ச் 20
முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

மருந்தில் நீலச் சாயம் கலப்போம். எந்த வரிசைக்கு அடித்தாயிற்று, எது பாக்கி என்று தெரிய. பூத்த புதருக்கு அடிக்காதே, பூ உதிரட்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். வடக்குச் சரிவில் ஒரு மூலைதான் பாக்கி. பூவென்றால் அப்படிப் பூ. தேனீ இரைச்சல் காதை அடைத்தது. இன்னொரு நாள் யார் டேங்க்கைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது?

அடிச்சேன். நான்தான் அடிச்சேன்.

அன்னிக்குச் சாயங்காலம்தான் மாமனார் நீலப் பொட்டைப் பார்த்துக் கேட்டாரு. மை கதை சொன்னேன். மூணாம் நாள் பெட்டி முன்னாடி குவியல் குவியலாச் செத்துக் கெடந்துச்சு. ஏதோ நோயின்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. பதினாலு பெட்டியையும் கொளுத்தினாரு. மண்ணெண்ணெய் ஊத்தினவன் நான். ஏன்டா வாயைத் தொறக்கல? வேலை போயிடும்னா? இல்ல, செல்ல மாப்பிள்ளைங்கிற பேரு போயிடும்னா?

அதன்பிறகு அவர் தேனீ வளர்க்கவில்லை.

மார்ச் 21
நல்ல தாளில் எழுதி அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தாள்.

"தன் கைதான் ராசியில்லாத கைன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு அப்பா."

அவ்வளவுதான். பிறகு தாளை என்னிடம் நீட்டினாள். "கையெழுத்து விட்டுப்போச்சு."

போட்டேன். அவளே ஆபீஸில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

ஏப்ரல் 2
யாரும் வரவில்லை.

ஏப்ரல் 16
கொழுந்தியாள் வந்தாள். கேட்டுக்கு உள்பக்கம் இரண்டடி, அதற்கு மேல் வரவில்லை. ஆபீஸிலிருந்து பதில் வந்துவிட்டதாம்.

"வடக்குச் சரிவுல மருந்து கிடையாது. கையாலதான் வெட்டுவாங்க. மத்த இடத்துல அடிப்பாங்களாம். மருந்தடிச்ச ஆளே எழுதிக் கொடுத்ததாலன்னு போட்டிருக்கு."

உள்ளே வா, டீ போடச் சொல்கிறேன் என்றேன்.

"இல்லீங்க. பெட்டி பார்க்கணும்."

இல்லீங்க. 'மாமா'வைக் காணோம். நாக்கு நுனிவரை ஒரு கிண்டல் வந்தது. விழுங்கிவிட்டேன்.

போகும்போது கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சாத்தியதில்லை. திறந்து போட்டுவிட்டுப் போவாள், நான் கத்துவேன், தெருவில் நின்று திரும்பி நாக்கைத் துருத்துவாள், ஐம்பது வயதில்.